ஆறாத புண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது!
ஆபரேஷன் தையல் விட்டுப்போனால் என்ன செய்வது? வேலூர் மண் உலகுக்குச் சொன்ன பாடம்

குடலிறக்கம், கர்ப்பப்பை, சிசேரியன், குடல்வால் என்று ஏதோ ஓர் ஆபரேஷன். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. தையலும் பிரித்தாகிவிட்டது. வலியும் இல்லை. 'சும்மாவே படுத்திருந்தால் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது?' என்று எழுந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்குகிறார்கள். அன்று ராத்திரி கட்டியிருக்கும் துணி நனைகிறது. பார்த்தால், தையல் போட்ட இடம் வாய் பிளந்திருக்கிறது.

கிராமத்தில் உடனே ஆளுக்கொரு விளக்கம் வரும். 'அது ஆறாத உடம்பு', 'சர்க்கரை ரத்தம், அப்படித்தான்', 'முட்டை கொடுத்தீங்களா, அதான் சீழ் பிடிச்சிருச்சு' என்பார்கள். மஞ்சளை அரைத்துப் பூசுவார்கள், காபித்தூளை வைத்து அழுத்துவார்கள். ஒரு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போகும்போது, சிறிய பிளவு பெரிய புண்ணாகியிருக்கும்.

ஆறாத உடம்பு என்று ஒன்று இல்லை. ஆறவிடாத காரணம்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நீக்கினால் பெரும்பாலான புண்கள் ஆறிவிடும். இந்த உண்மையை மருத்துவ உலகுக்குத் தெளிவாகக் காட்டிய இடங்களில் முக்கியமானது வேலூர்.

'கெட்ட சதை' என்ற நம்பிக்கை உடைந்த கதை

1914-ம் ஆண்டு கொல்லிமலையில் ஓர் ஆங்கிலேய மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் பால் பிராண்ட். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேனின் அழைப்பின் பேரில் அங்கே போனவர், விரல் மடங்கிய கைகளையும் ஆறாத புண் வந்த பாதங்களையும் பார்த்தார்.

தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அதில் கத்தி வைத்தால் ஆறாது என்பதுதான் அன்றைக்குப் பரவலான நம்பிக்கை. பொது மருத்துவமனைகளில் அவர்களைச் சேர்க்கவே தயங்கிய காலம் அது. 1940-களின் இறுதியில் பிராண்டும் அவரது குழுவினரும், மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, தசைநாண்களை இடம் மாற்றித் தைக்கும் ஆபரேஷன்களை வேலூரில் தொடங்கினார்கள். மாவுக்கட்டுப் போட்டு, தைத்த இடம் அசையாமல் பார்த்துக்கொண்டார்கள். காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின.

அப்படியானால் பாதத்துப் புண் மட்டும் ஏன் வருடக்கணக்கில் ஆறவில்லை? தொழுநோய்க் கிருமி நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. அதனால் வலி தெரிவதில்லை. காலில் புண் இருந்தால் நாம் நொண்டி நடப்போம். அந்த நொண்டல்தான் புண்ணுக்கு ஓய்வு. வலி தெரியாதவர் அதே புண்ணின் மேல் தினமும் ஆயிரக்கணக்கான முறை மிதிக்கிறார். புதிதாக வளரும் சதை அன்றன்றைக்கே நசுங்கிவிடுகிறது.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, தொழுநோய் பாதித்த ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கோ எதுவும் தெரியவில்லை. இன்னொரு சமயம், தூங்கி எழுந்த நோயாளிகளின் விரல் நுனி குறைந்திருந்தது. இரவில் காவலிருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது. அதன்பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். விரல் தானாக அழுகி விழுகிறது என்று நம்பப்பட்ட பல சேதங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு சாதாரணக் காரணம் இருந்தது.

பாதப் புண்ணுக்கு, காலின் அச்சோடு ஒட்டிய மாவுக்கட்டுப் போட்டார்கள். உடல் எடை பாதம் முழுவதும் பரவியது. பல வருடப் புண்கள் சில வாரங்களில் மூடின. கட்டைப் பிரித்து, வெறுங்காலுடன் பழையபடி நடந்தவர்களுக்கு அதே இடத்தில் புண் மறுபடி திறந்தது. அதனால் மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகள் வந்தன. இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' என்று தொழுநோய்த் திட்டத்தில் இலவசமாகக் கொடுக்கப்படுவது இதுதான். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கப்பட்ட ஷெஃப்லின் தொழுநோய் மையம் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறது. அந்த மாவுக்கட்டு முறை இப்போது உலகம் முழுவதும் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் பயன்படுகிறது.

இதிலிருந்து எல்லோருக்கும் உதவும் பாடங்கள் இரண்டு. ஒன்று, ஆறாத புண்ணைப் பார்த்தால் மருந்தை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். இரண்டு, வலி இல்லை என்பதற்கு ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஒட்டுக்கன்றும் தையலும்

மா ஒட்டுக்கன்று கட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒட்டு பிடித்துத் துளிர் வந்துவிட்டது என்று நாடாவை அவசரமாகப் பிரித்து, செடியைப் பிடித்து ஆட்டினால் ஒட்டு விட்டுவிடும். வெளியே பட்டை சேர்ந்தாலும் உள்ளே இன்னும் இறுகியிருக்காது. ஆபரேஷன் காயமும் அப்படித்தான்.

முதல் வாரத்தில், தோல் ஒட்டிய இடத்தின் பலம் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தையல் நூல்தான் தாங்கிப் பிடிக்கிறது. மூன்று வாரத்தில் சுமார் கால் பங்கு. மூன்று மாதத்தில் 80 சதவிகிதம் வரை. அதற்குமேல் முழுப் பலம் திரும்புவதில்லை. தையல் பிரிக்கும் நாளில்தான் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் பலம் ஏறத் தொடங்கும் காலமே அதுதான்.

வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைகுடம் 15 கிலோ வரும். தீவனக் கட்டு, உர மூட்டை, ஸ்பிரேயர் எல்லாம் அதைவிட அதிகம். எந்த வேலையை எப்போது தொடங்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இருமல், தும்மல் வரும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்வது நல்லது. மலச்சிக்கல் இருந்தால் முக்காமல், மருந்து கேட்டு வாங்க வேண்டும்.

ஆறவிடாத ஆறு காரணங்கள்

1. கிருமித் தொற்று. மூன்று நான்கு நாள் கழித்து வலி குறையாமல் கூடுவது, சிவப்பு பரவுவது, சூடு, சீழ், நாற்றம், காய்ச்சல் ஆகியவை அடையாளங்கள். ஆபரேஷன் முடிந்த 30 நாட்கள் வரை இதைக் கவனிக்க வேண்டும்.

2. இழுவையும் அழுத்தமும். பாரம் தூக்குதல், விடாத இருமல், முட்டி மேல் தையல் இருக்கும்போது குந்தி உட்காருதல், பாதத்தில் புண்ணோடு நடத்தல்.

3. சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் சரியாக வேலை செய்யாது. தனக்குச் சர்க்கரை இருப்பதே ஆபரேஷன் சமயத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

4. சத்துக்குறைவும் ரத்தசோகையும். புதிய சதை வளரப் புரதம் வேண்டும். கரையான் அரித்த வரப்பை மண் இல்லாமல் அடைக்க முடியாது.

5. பீடி, சிகரெட், புகையிலை. நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புண்ணுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான்.

6. உள்ளே தங்கிய பொருள் அல்லது வேறு நோய். கரையாத நூல், குடலிறக்கத்துக்கு வைத்த வலை, காசநோய் வகைக் கிருமிகள். காயம் நன்றாக ஆறி, ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தழும்பில் முடிச்சு கிளம்பி நீர் வடிந்தால் இந்தக் காரணங்களைத் தேடச் சொல்ல வேண்டும். சாதாரண மாத்திரைகளை மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் நாள்தான் கடக்கும்.

தையல் விட்டுப்போனால் உடனே செய்ய வேண்டியவை

* படுக்க வைக்கவும். வயிற்றுத் தையல் என்றால் முழங்காலை மடக்கி வைத்துப் படுக்கச் சொல்லவும். வயிற்றின் இழுவை குறையும்.
* சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அன்றே போகவும். துணியை எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.
* வயிற்றுத் தையலிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் நிறைய வடிந்தால் உள் அடுக்கு விட்டிருக்கலாம். பெரும்பாலும் இது ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வரும். மேல்தோல் மூடியே இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.
* குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது. கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழைக்கவும். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். மறுபடி ஆபரேஷன் தேவைப்படும்.
* மஞ்சள், சாம்பல், காபித்தூள், சாணம், மூலிகை விழுது எதையும் திறந்த காயத்தில் வைக்க வேண்டாம். மண்ணிலும் சாணத்திலும் ரண ஜன்னிக் கிருமி இருக்கும்.

எல்லாப் பிளவையும் உடனே மறுபடி தைக்க மாட்டார்கள். சீழ் பிடித்த காயத்தை மூடித் தைத்தால் சீழ் உள்ளேயே தேங்கும். அதனால் திறந்து வைத்து, தினமும் கட்டு மாற்றி, அடியிலிருந்து சதை வளரவிடுவார்கள். வாரக்கணக்கில் ஆகலாம். 'தைக்காமல் விட்டுட்டாங்க' என்று மருத்துவமனை மாறி அலைவதால் சிகிச்சைதான் தடைப்படும்.

வீட்டில் கட்டு மாற்றச் சொல்லியிருந்தால், 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மட்டமாக 2 டீஸ்பூன் உப்புப் போட்டு, ஆறவைத்துக் கழுவலாம். அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போனில் படம் எடுத்து வைக்கவும். நான்கு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கவில்லை என்றால், ஏதோ காரணம் நீங்காமல் இருக்கிறது என்று பொருள். அந்தப் படங்களை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி வேண்டாம்

ஆபரேஷன் செய்தவருக்கு முட்டை, மீன், பருப்பு கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று நிறுத்திவிட்டு, ரசம் சாதமும் ரொட்டியும் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சீழுக்குக் காரணம் கிருமி. முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காயம் ஆறும் காலத்தில், உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். இதற்கு டப்பாவில் விற்கும் சத்துமாவு கட்டாயமில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், 100 கிராம் பருப்பு அல்லது கொள்ளில் 22 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் (50 கிராம்) 12 கிராம். சோற்றிலும் களியிலும் கிடைப்பதோடு கணக்கு சரியாகிவிடும். இவற்றில் பாதி நம் வீட்டிலேயே விளைகிறது. கூடவே ஒரு கொய்யா அல்லது நெல்லிக்காய், முருங்கைக்கீரை சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

வலி தெரியாத கால்: சர்க்கரைக்காரர்களின் கவனத்துக்கு

பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போகிறது. சேற்று வயலில் கண்ணாடிச் சில்லு ஏறினாலும், வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் சுட்டாலும் தெரியாது. செங்கல்பட்டில் பிராண்ட் பார்த்த அதே நிலைதான். கால் விரலை எடுத்த பிறகு அந்தத் தையல் அடிக்கடி விட்டுப்போவதற்கும், பக்கத்திலேயே அடுத்த புண் வருவதற்கும் இது முக்கியக் காரணம். புண்ணோடு நடக்கிறோம் என்பதே தெரிவதில்லை.

தினமும் மாலையில் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பித்தவெடிப்பையும் கால் ஆணியையும் பிளேடால் சீவக் கூடாது. செருப்பை உதறிவிட்டுப் போட வேண்டும். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வருடம் ஒருமுறை இதைக் கேட்டுச் செய்துகொள்ளவும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. ஆபரேஷன் செய்த மாதத்தில் ஒரு வேளைகூட விடக் கூடாது.

தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பல வீடுகளில் ஒருவர் நிலத்திலும் ஒருவர் கம்பெனியிலும் வேலை பார்க்கிறார்கள். சுண்ணாம்பு, குரோம் உப்பு கலந்த ஈரத்தில் ஆறாத காயத்தோடு இறங்கக் கூடாது. கையுறையும் பூட்ஸும் போட்டால்கூட, தையல் முழுதாக மூடும்வரை காய்ந்த இடத்து வேலையைக் கேட்டு வாங்குவது நல்லது. கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் சீக்கிரம் திரும்புகிறார்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, தகுதி நாட்கள் இருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவிகிதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். சிசேரியன் ஆன பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவம் வரை 26 வாரப் பேறுகால உதவி உண்டு. இது நம் கூலியிலிருந்து கட்டிய பணத்துக்கான உரிமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: காயத்தைக் காற்றாடத் திறந்து வைத்தால் சீக்கிரம் காயும் என்கிறார்களே?
காய்வது வேறு, ஆறுவது வேறு. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் செய்த சோதனையில், திறந்து காயவிட்ட காயத்தைவிட மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல் வேகமாக மூடியது. பொருக்கின் அடியில் தோல் பரவத் தடுமாறுகிறது. அதற்காக ஊறும்படி நனைத்து வைப்பதும் தவறு. மருத்துவர் போட்ட கட்டு அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: மாட்டுக் கொட்டகை வேலையை எப்போது தொடங்கலாம்?
காயம் முழுதாக மூடி, கசிவு நின்ற பிறகு, பால் கறப்பது போன்ற இலகுவான வேலையை மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். சாணம் அள்ளுவதும் தீவனக் கட்டுத் தூக்குவதும் கடைசியில். மாடு முட்டி, உதைத்துத் தையல் விட்ட சம்பவங்களும் உண்டு என்பதால் புது மாட்டின் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: செத்த ஆட்டை உரித்தவர் கையில் ஒரு புண். நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றி வீக்கம், ஆனால் வலி இல்லை. விட்டுவிடலாமா?
விடவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய், ஆடு செத்ததையும் உரித்ததையும் சொல்ல வேண்டும். சீக்கிரம் மருந்து கொடுத்தால் குணமாகும். புண்ணைக் கீறவோ பிதுக்கவோ வேண்டாம். திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாயில் ரத்தம் வடியும் ஆடு மாட்டை அறுக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லவும்.

கேள்வி: அப்பாவின் காலில் பத்து வருடமாக ஆறாத புண். இனி என்ன ஆகிவிடப் போகிறது?
வருடக்கணக்கில் ஆறாத புண்ணின் ஓரம் தடித்து, காலிஃப்ளவர் போல வளர்ந்தால் புற்றுநோயாக மாறியிருக்கலாம். துணுக்கு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ரத்த ஓட்டம், சர்க்கரை, நரம்பு உணர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பரிசோதிக்க வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், 6 முதல் 12 மாதத்தில் சிகிச்சை முடிந்துவிடும். ஆனால் மரத்துப்போன பாதத்தின் காவல் ஆயுளுக்கும் தேவை.

எந்தப் புண்ணாக இருந்தாலும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இது ஏன் ஆறவில்லை?' பதில் கிடைக்கும்வரை கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.